இஸ்திரிப்பெட்டி, குளியல்தொட்டி, ஒரு மோதிரம்

நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஒட்டி 'மேஜர்ஸ் கேபின் கிரில்' என்று ஓர் உணவகம் இருந்தது. 1949-ல் ஒரு நாள், சின்னதாக ஒரு நிதி நிறுவனம் நடத்திவந்த ஃபிராங்க் மெக்னமாரா அங்கே நாலு பேருக்கு விருந்து வைத்தார். சாப்பாடு முடிந்தது, பில் வந்தது. கோட்டுப் பைக்குள் போன கை வெறுமனே திரும்பியது. பர்ஸ் வீட்டில், வேறொரு கோட்டில் கிடந்தது. மனைவிக்கு போன் பறந்தது. அவர் பணத்தோடு ஓடிவந்து மானத்தைக் காப்பாற்றினார். 'இனி ஜென்மத்துக்கும் இந்த அவமானம் வேண்டாம்' என்று அந்த மேஜையிலேயே மெக்னமாரா சபதம் எடுத்தாராம். அருமையான கதைதான், நடந்திருந்தால்.

விளம்பரத்துக்காகக் கட்டிவிட்ட கதை அது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டவர் வேறு யாருமில்லை, மெக்னமாராவின் விளம்பர ஆள் மேட்டி சிம்மன்ஸ். எழுபது வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கதை சாகவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லி மெக்னமாரா விற்ற சரக்கு மட்டும் பொய்யில்லை.

1950 பிப்ரவரியில் அதே உணவகத்துக்கு, வக்கீல் நண்பர் ரால்ஃப் ஷ்னைடருடன் அவர் திரும்பி வந்தார். சாப்பிட்டார். பில் வந்ததும் பையிலிருந்து ஒரு சின்ன காகித அட்டையை எடுத்து நீட்டினார், கையெழுத்துப் போட்டார், தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சல்லிக்காசு கைமாறவில்லை.

மளிகைக் கடையில் 'கணக்கில எழுதிக்கோங்க அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு வருவது நமக்கும் புதிதில்லை. ஆனால் அண்ணாச்சியின் நீள நோட்டு அவர் கடையோடு முடிந்துவிடும். அடுத்த தெருவுக்குப் போனால் நாம் யாரோ, அவர் யாரோ. மெக்னமாரா செய்தது, நடுவில் மூன்றாவதாக ஒரு ஆளை உட்காரவைத்தது. சாப்பிட்டவர் மாதக் கடைசியில் அந்த மூன்றாமவருக்குக் கட்டுவார். மூன்றாமவர், நூறு டாலர் பில்லுக்கு ஏழு டாலரைக் கழித்துக்கொண்டு உணவகத்துக்குக் கொடுப்பார். ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 200 பேர், பெரும்பாலும் மெக்னமாராவுக்குத் தெரிந்தவர்கள். அட்டை செல்லுபடியான உணவகங்களை இரண்டு கை விரல்விட்டுக் கொஞ்சம் கூடுதலாக எண்ணினால் முடிந்துவிடும். வருடக் கடைசியில் உறுப்பினர்கள் 20,000. பெயர், டைனர்ஸ் கிளப்.

இவ்வளவையும் செய்த மனிதருக்குத் தன் சரக்கின் மேல் நம்பிக்கை இல்லை. 'இது நாலு நாள் கூத்து' என்று நினைத்து, இரண்டு லட்சம் டாலருக்குத் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். 1957-ல், நாற்பது வயதில் இறந்தும்போனார். விற்றது எதை என்று தெரியாமலே போனவர்களின் பட்டியலில் அவருக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

அதே காலத்தில், சாப்பாட்டோடும் கடனோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், ஐபிஎம் நிறுவனத்தில் ஒரு ஜெர்மானியர் எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஹான்ஸ் பீட்டர் லூன். அவருடைய பழைய பெருமை துணி உலகத்தைச் சேர்ந்தது. ஒரு அங்குலத் துணியில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணிச் சொல்லும் 'லூனோமீட்டர்' என்ற கருவியைச் செய்தவர் அவர். இழை எண்ணிய கண்ணுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நீளமான எண்களைப் பார்த்து எழுதும்போது மனிதர்கள் தப்பாமல் தப்பு செய்கிறார்கள். ஒரு இலக்கத்தை மாற்றிப் போடுகிறார்கள், இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றிவிடுகிறார்கள். எழுதியது தப்பு என்று அந்த எண்ணே கூவினால் எப்படி இருக்கும்?

1954-ல் லூன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த உபாயம் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். 537 என்று ஒரு எண். கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். 7 பதினாலாகும், 1-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 5. நடுவில் உள்ள 3 அப்படியே. 5 பத்தாகும், கூட்டினால் 1. ஆக 5, 3, 1, மொத்தம் 9. பத்தை எட்ட இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்றைக் கடைசியில் ஒட்டவைத்தால் 5371. யாராவது கை தவறி 5731 என்று எழுதினால் கூட்டுத்தொகை 15-ல் போய் நிற்கும். பத்தால் வகுபடாத எண், பொய் எண். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதைப் பிடிப்பதில் இந்தச் சல்லடைக்கும் ஒரே ஒரு ஓட்டை உண்டு. 09-ஐ 90 என்று இடம் மாற்றி எழுதினால் மட்டும் கண்டுபிடிக்காது. 1960-ல் காப்புரிமை கிடைத்தது, கையடக்கமான ஒரு இயந்திரத்துக்கு. இயந்திரத்தை உலகம் மறந்துவிட்டது. கணக்கு மட்டும் எங்கோ போய் ஒட்டிக்கொள்ளக் காத்திருந்தது.

காட்சி கலிபோர்னியாவுக்கு மாறியது. உலர்திராட்சைக்குப் பெயர்போன ஃபிரெஸ்னோ நகரம். 1958 செப்டம்பர் 18 அன்று அந்த ஊரின் தபால் பெட்டிகளில் 60,000 உறைகள் வந்து விழுந்தன. அனுப்பியது பேங்க் ஆஃப் அமெரிக்கா. ஒவ்வொரு உறையிலும் ஒரு அட்டை. விண்ணப்பம் போட்டவர் ஒருவரும் இல்லை. கேட்காமலே, 300 டாலருக்கோ 500 டாலருக்கோ பொருள் வாங்கும் உரிமை வீடு தேடி வந்திருந்தது.

யோசனை ஜோசஃப் வில்லியம்ஸ் என்ற வங்கி அதிகாரியுடையது. அதில் ஒரு சிக்கலுக்கு விடை இருந்தது. அட்டை வைத்திருக்கும் ஆட்கள் இல்லாமல் கடைக்காரன் ஒப்புக்கொள்ள மாட்டான். ஒப்புக்கொள்ளும் கடை இல்லாமல் ஆட்கள் அட்டை வாங்க மாட்டார்கள். முட்டையா கோழியா? வில்லியம்ஸ் ஒரே நாளில் 60,000 கோழிகளை ஊருக்குள் விட்டார். ஃபிரெஸ்னோவைத் தேர்ந்தெடுத்ததும் கணக்குப் போட்டுத்தான். ஊரில் கிட்டத்தட்ட பாதிக் குடும்பங்கள் ஏற்கெனவே அந்த வங்கியின் வாடிக்கையாளர்கள். சோதனை தோற்றாலும் சேதி ஊர் எல்லையைத் தாண்டாது. தாண்டியது சேதி இல்லை, அட்டை.

போட்டி வங்கிகள் முந்திவிடுமோ என்ற பதற்றத்தில், பதின்மூன்று மாதத்தில் கலிபோர்னியா முழுக்க 20 லட்சம் அட்டைகள் அனுப்பப்பட்டன. நூற்றுக்கு நாலு பேர் தாமதமாகக் கட்டுவார்கள் என்று வில்லியம்ஸ் எதிர்பார்த்தார். இருபத்திரண்டு பேர் நேரத்துக்குக் கட்டவில்லை. தபால் பெட்டியிலிருந்தே அட்டைகள் திருடுபோயின. தொலைந்த அட்டையை வேறு யாரோ பயன்படுத்த, பில் மட்டும் உரியவரின் வீட்டுக்கு வந்தது. நிலுவையை வசூலிக்க வங்கியில் அதற்கென்று ஒரு பிரிவே கிடையாது. மக்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள் என்று நம்பியிருந்தார்கள்! வங்கி வெளியே சொன்ன நஷ்டமே 88 லட்சம் டாலர். 1959 முடிவதற்குள் வில்லியம்ஸ் வேலையை விட்டுப் போயிருந்தார். திட்டத்துக்குப் பால் ஊற்றிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

வங்கி ஊற்றவில்லை. விட்டதைப் பிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தது. கணக்குகளைச் சுத்தம் செய்தது, வசூலுக்கு ஆள் போட்டது. 1961-ல் லாபம் எட்டிப் பார்த்தது. அதை வங்கி மூச்சுவிடாமல் மறைத்தது. மற்ற வங்கிகள், பேங்க் ஆஃப் அமெரிக்கா கையைச் சுட்டுக்கொண்டது என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கி இருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் சிரித்தார்கள், ஒதுங்கினார்கள். அந்த அட்டைதான் 1976-ல் பெயர் மாறி விசா ஆனது.

ஆனால் அறுபதுகளின் அட்டை ஒரு ஊமை. எண்களைப் புடைப்பாக அச்சடித்திருப்பார்கள். கடைக்காரர் கார்பன் தாளுக்கு அடியில் அதை வைத்து, ஒரு கட்டையை அப்படியும் இப்படியும் 'கரக் கரக்'கென்று இழுத்துப் படி எடுப்பார். அந்த ஆளுக்குக் கடன் பாக்கி இருக்கிறதா, அட்டை திருடியதா என்று கேட்டால் அட்டை வாய் திறக்காது. அதற்கு வாய் கொடுத்தது ஒரு இஸ்திரிப்பெட்டி.

ஃபாரஸ்ட் பாரி என்ற ஐபிஎம் பொறியாளருக்கு வந்த வேலை, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் ஊழியர்களுக்கு அடையாள அட்டை செய்வது. ஒலிப்பதிவுக்குப் பயன்படும் காந்த நாடாவில் ஒரு துண்டை வெட்டி பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டிவிட்டால், ஆளைப் பற்றிய தகவலை அதிலேயே பதிந்துவிடலாம். யோசனை சுத்தம். ஒட்டுவதுதான் பாடு. எந்தப் பசையைத் தடவினாலும் நாடா சுருங்கியது, அல்லது நெளிந்தது, அல்லது பசையே அதன் மேல் படிந்து பதிவைக் கெடுத்தது. ஒரு நாள் பாரி கையில் நாடாவும் முகத்தில் எரிச்சலுமாக வீட்டுக்கு வந்தார். மனைவி டொரோத்தியா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்ன சங்கதி என்று கேட்டுக்கொண்டவர், கையில் இருந்த இஸ்திரிப்பெட்டியை நீட்டி, இதை வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

சூடு சரியாக இருந்தது. நாடா பிளாஸ்டிக்கோடு இழைந்து உட்கார்ந்துகொண்டது. கருகவில்லை, சுருங்கவில்லை. ஆய்வகம் முழுக்கத் தேடிக் கிடைக்காத பசை, துணி மடிக்கும் மேஜையில் சூடாக இருந்திருக்கிறது. காப்புரிமை ஆவணங்களில் டொரோத்தியாக்களுக்கு இடம் இருப்பதில்லை என்பது என் பழைய மனத்தாங்கல். ஐபிஎம் அந்தக் கறுப்புப் பட்டையை யாரிடமும் காசு கேட்காமல் உலகத்துக்குத் திறந்துவிட்டது. தர்மம் ஒன்றும் இல்லை. பட்டை பெருகினால் அதைப் படிக்கும் கம்ப்யூட்டர் விற்கும். விற்றது.

இந்தப் பக்கம் இங்கிலாந்தில், 1965-ல் ஒரு சனிக்கிழமை, ஜான் ஷெப்பர்ட் பேரன் வங்கி வாசலுக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை வரைக்கும் கையில் காசில்லை. அன்று இரவு குளியல்தொட்டியில் படுத்தபடி யோசித்தார். காசு போட்டால் சாக்லேட் தள்ளும் இயந்திரம் தெருவுக்குத் தெரு இருக்கிறதே, அது ஏன் காசைத் தள்ளக் கூடாது? பணநோட்டு அச்சடிக்கும் டி லா ரூ நிறுவனத்தில் வேலை செய்தவர் அவர். பிறந்தது நம் ஷில்லாங்கில், 1925-ல்.

1967 ஜூன் 27 அன்று லண்டன் அருகே என்ஃபீல்டில், பார்க்ளேஸ் வங்கியின் சுவரில் அந்த இயந்திரம் கண் திறந்தது. ஆனால் அதற்குள் பிளாஸ்டிக் எதையும் நுழைக்க முடியாது. கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருளை லேசாகத் தடவிய காகிதக் காசோலை ஒன்றைப் போட வேண்டும். இயந்திரம் அதை முகர்ந்து பார்த்து பத்து பவுண்டு கொடுத்துவிட்டு, காசோலையை விழுங்கிவிடும். கதிரியக்கத்தால் ஆபத்தில்லையா என்று கேட்டவர்களுக்கு, 1,36,000 காசோலைகளைத் தின்றால்தான் உடம்புக்குக் கேடு என்று கணக்குப் போட்டுச் சொன்னார் ஷெப்பர்ட் பேரன்.

காசோலையைத் திருடிக்கொண்டு வருகிறவனை எப்படித் தடுப்பது? ஒரு ரகசிய எண் வேண்டும். அவருக்குத் தன் ராணுவ எண் தலைகீழாகப் பாடம். ஆறு இலக்கம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து மனைவி கரோலினிடம் அதைச் சோதித்தார். தனக்கு நாலு இலக்கத்துக்கு மேல் நினைவில் நிற்காது என்று கரோலின் சொல்லிவிட்டார். தீர்ந்தது விவகாரம். அந்தச் சமையலறைத் தீர்ப்பு இன்றுவரை உலகத்தின் பெரும்பகுதியில் மேல்முறையீடு இல்லாமல் அமலில் இருக்கிறது.

இதில் ஒரு வழக்கும் உண்டு. ஜேம்ஸ் குட்ஃபெல்லோ என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், துளையிட்ட பிளாஸ்டிக் அட்டையும் ரகசிய எண்ணும் சேர்ந்த பண இயந்திரத்துக்கு 1966-லேயே காப்புரிமை கோரியிருந்தார். அதற்காக அவருக்குக் கிடைத்த ஊக்கத்தொகை பத்து பவுண்டு. என்ஃபீல்டு இயந்திரம் ஒரு தடவைக்குத் தள்ளிய அதே பத்து பவுண்டு! யார் முதலில் என்ற சண்டை இருவரும் கிழவர்களாகும் வரை ஓடியது. பிரிட்டிஷ் அரசு 2005-ல் ஒருவருக்கும் 2006-ல் மற்றவருக்கும் ஒரே பட்டத்தைக் கொடுத்துக் கைகழுவியது.

பட்டையால் அட்டைக்கு வாய் வந்துவிட்டது, கூடவே வம்பும் வந்தது. கேசட்டில் பாட்டைப் பிரதி எடுக்கத் தெரிந்தவனுக்குக் காந்தப் பட்டையைப் பிரதி எடுப்பது பெரிய வித்தையா? திருடர்கள் அப்படியே நகல் எடுத்தார்கள். நகல் எடுக்க முடியாத ஒன்று தேவைப்பட்டது. அதற்கான முதல் விதை விழுந்த இடம் விசித்திரமானது. ஹிட்லரின் வி-2 ராக்கெட்டில் வேலை செய்து, போருக்குப் பின் சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1953-ல் ஜெர்மனிக்குத் திரும்பிய ஹெல்முட் க்ரோட்ரூப். அவரும் யூர்கன் டெத்லோஃபும் 1968 வாக்கில், அட்டைக்குள் மின்னணுச் சில்லைப் புதைக்கும் யோசனையைக் காப்புரிமைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த அடி எடுத்தவருக்கோ பொறியியல் பட்டமே கிடையாது.

கெய்ரோவில் பிறந்து பாரிஸில் வளர்ந்த ரோலாண்ட் மொரேனோ. யோசனை தூக்கத்தில் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர். 1974-ல் அவர் சில்லைப் பொருத்திக் காட்டியது ஒரு மோதிரத்தில். விரலில் மாட்டிக்கொண்டு போய்க் கடையில் கையை நீட்டினால் பணம் போய்விட வேண்டும். வங்கிக்காரர்கள் மோதிரத்தைச் சீந்தவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே அட்டை இருந்தது, அட்டையைப் படிக்கும் இயந்திரங்கள் இருந்தன. சில்லு மோதிரத்திலிருந்து இறங்கி அட்டையில் ஏறியது. பிரான்ஸ் அதை 1983-ல் தொலைபேசி அட்டையிலும், 1992-க்குள் தன் வங்கி அட்டைகள் எல்லாவற்றிலும் பதித்துவிட்டது. 2000-ல் மொரேனோ சவால் விட்டார்: தொண்ணூறு நாளுக்குள் இந்தச் சில்லை உடைத்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் ஃபிராங்க். பரிசுப் பணம் அவரிடமே தங்கிவிட்டது.

இந்தியாவுக்கு மெக்னமாராவின் டைனர்ஸ் கிளப் 1961-லேயே வந்திருந்தது. அது பணக்கார மேஜைகளைத் தாண்டவில்லை. 1987-ல் எச்எஸ்பிசி வங்கி மும்பையில் நாட்டின் முதல் பண இயந்திரத்தை வைத்தது. ஷில்லாங்கில் பிறந்தவரின் குளியலறைக் கனவு அவர் பிறந்த நாட்டுக்கு வந்து சேர இருபது வருடம் பிடித்திருக்கிறது. பட்டை மட்டும் உள்ள அட்டைகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றும்படி ரிசர்வ் வங்கி கெடு வைத்தபோதுதான், மொரேனோவின் சில்லு நம்மூர்ப் பைகளுக்குள் மொத்தமாக நுழைந்தது.

போன மாதம் ஒரு மளிகை அங்காடியில் வரிசை அனுமார் வால் போல நின்றது. ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் சர்வர் படுத்துவிட்டதாம். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் சலித்துக்கொள்ளாமல் பர்ஸைத் திறந்தார். பெருமாள் படத்துக்கும் பேத்தியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கும் நடுவிலிருந்து அதை உருவினார். ஓரம் மழுங்கிய, நீல நிற ஏ.டி.எம். கார்டு.

கல்லாவில் இருந்த பையன் வாங்கிச் செருகினான். இயந்திரம் 'முடியாது' என்றது. எடுத்து, சில்லைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடி செருகினான். இந்த முறை ஏற்றுக்கொண்டது. பெரியவர் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, உதடு அசைய, நாலு இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தினார். நாலாவதில் கொஞ்சம் தயங்கினார். ரசீது ஓடிவந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அகலம் 85.6 மில்லிமீட்டர், உயரம் 54-க்குக் கொஞ்சம் குறைவு, தடிமன் முக்கால் மில்லிமீட்டர். உலகத்தில் எந்த வங்கி கொடுத்தாலும் இதே அளவுதான். பதினாறு இலக்கத்தை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, லூன் சொன்னபடி ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்கிக் கூட்டினேன். 60 வந்தது, பத்தால் வகுபட்டது. காலண்டர் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, கார்டைத் திருப்பினேன். கறுப்புப் பட்டையின் நடுவில் வெள்ளையாக இரண்டு கீறல். கடைசியாக அதை இயந்திரத்தில் தேய்த்தது எப்போது என்று நினைவில்லை. 2033-க்குப் பிறகு தன் கிரெடிட், டெபிட் கார்டு எதிலும் இந்தப் பட்டை இருக்காது என்று மாஸ்டர்கார்டு ஏற்கெனவே அறிவித்துவிட்டது.

பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. டொரோத்தியாவின் சூடு.